சிஸ்டர் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்?

விருத்தாசலம் வட்டாரத்தில் ஆண்கள் வார்டு வாசலில் நின்று "கொளஞ்சி!" என்று குரல் கொடுத்தால் இரண்டு மூன்று கட்டில்களிலாவது தலை நிமிரும். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் மேல் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அவ்வளவு பிடிப்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்தப் பெயரை வைக்கிறார்கள். மங்கலம்பேட்டையில் இருந்து வருகிறவர்களில் முகமது, அப்துல் என்று தொடங்கும் பெயர்களும் இதே கதைதான். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கொளஞ்சிக்கு இன்சுலின் போட வேண்டும், அடுத்த வரிசைக் கொளஞ்சிக்கு ஆன்டிபயாடிக். ஊசித் தட்டோடு வரும் நர்ஸ், மூன்று நாளாகப் பார்த்துப் பழகிய அதே மனிதரிடம், "ஐயா, உங்க பேரு, அப்பா பேரு சொல்லுங்க" என்கிறார். "ஏம்மா, காலையிலதானே சொன்னேன், மறந்துட்டியா?" என்று அவர் சலித்துக்கொள்கிறார்.

நர்ஸ் மறக்கவில்லை. "நீங்கதானே கொளஞ்சி?" என்று அவர் கேட்டிருந்தால் பாதித் தூக்கத்தில் இருப்பவரும் காது மந்தமானவரும் "ஆமா" என்று தலையாட்டிவிடுவார்கள். அதனால்தான் பெயரை நோயாளி வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். பெயரோடு இன்னொன்றும் பொருந்த வேண்டும்: அப்பா பெயரோ, வயதோ, கேஸ் ஷீட்டில் உள்ள உள்நோயாளி எண்ணோ. கட்டில் நம்பரை மட்டும் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள விதி. நம் ஊர் வார்டில் அதற்குக் காரணம் சொல்லவே வேண்டாம். ஃபேன் ஓடாத கட்டிலில் படுத்திருப்பவர், ஜன்னலோரக் கட்டில் காலியானதும் தானாகவே அங்கே மாறிவிடுவார்.

ஆஸ்பத்திரியில் நமக்கு எரிச்சல் தரும் விஷயங்களில் பாதி இப்படிப்பட்டவை. நடு ராத்திரியில் எழுப்பி பி.பி. பார்ப்பது, கட்டுப் போட்ட காலின் விரலை அசைக்கச் சொல்வது, தாகம் என்றாலும் தண்ணீர் தராமல் தடுப்பது, என்ன வேலை செய்தீர்கள் என்று துருவுவது. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒரு நோயாளி பக்கத்தில் நிற்பது சில நிமிடங்கள். மிச்ச நேரம் முழுக்க நர்ஸ் பொறுப்பு. உடம்பு மோசமாகப் போகிறதா, தேறுகிறதா என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டியவரும் அவர்தான். அவர் என்ன பார்க்கிறார், எதற்குப் பார்க்கிறார் என்று தெரிந்தால் கூட இருப்பவர்களும் அதில் கை கொடுக்கலாம்.

உள்ளே வரும்போதே பார்வை தொடங்கிவிடும். நடந்து வருகிறாரா, தூக்கி வருகிறார்களா, பேச்சு முழு வாக்கியமாக வருகிறதா, இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறதா, உதடு எந்த நிறம், தோல் சில்லென்று வியர்த்திருக்கிறதா. பிறகுதான் அளவுகள்: காய்ச்சல், நாடி, மூச்சு, பி.பி., விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு, சுயநினைவு. இந்த ஆறில் மருத்துவக் கருவி கேட்காதவற்றில் ஒன்றைத்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள். அதுதான் மூச்சு எண்ணிக்கை. கடிகாரமும் ஒரு நிமிடப் பொறுமையும் போதும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் யாரும் செலவழிப்பதில்லை. பல கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பாருங்கள், வரிசையாக 20, 20, 20 என்றோ 18, 18, 18 என்றோ இருக்கும். உயிருள்ள மனிதனின் மூச்சு அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு வரை இயல்பு. கிருமி ரத்தத்தில் பரவத் தொடங்கினாலும், நுரையீரலில் நீர் கோத்தாலும், சர்க்கரை நோய் முற்றி ரத்தத்தில் அமிலம் ஏறினாலும், உள்ளே ரத்தம் கசிந்தாலும் உடம்பு முதலில் செய்பவற்றில் ஒன்று மூச்சைக் கூட்டுவது. பி.பி. இறங்குவது பல நேரம் அதற்கு வெகு நேரம் கழித்து. ஆகவே "பி.பி. நார்மலாத்தான் இருக்கு" என்ற ஆறுதலை முழுசாக நம்பிவிடக் கூடாது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது, 2017-ல் திருத்தியது. ஒவ்வொரு அளவும் இயல்பை விட்டு எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு மதிப்பெண். மூச்சு 21 முதல் 24 வரை என்றால் 2, 25-ஐத் தொட்டால் 3. எட்டும் அதற்குக் கீழேயும் போனாலும் 3. எல்லாம் கூட்டி 5 வந்தால் டாக்டர் உடனே வந்து பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசர நிலை. இது மார்க் போடும் விளையாட்டு இல்லை. "ஏதோ சரியில்ல சார்" என்று தயங்கும் இளம் நர்ஸ் கையில், "சார், ஸ்கோர் ஏழு" என்று ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்பும் தைரியத்தைக் கொடுப்பதே இதன் வேலை.

மூச்சை எண்ணுவதில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. "மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்னதும் யாரும் இயல்பாக மூச்சு விடமாட்டார்கள். அதனால் அனுபவப்பட்ட நர்ஸ் நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சுக்கு நகர்த்தி எண்ணுவார். நாம் இன்னும் நாடிதான் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருப்போம். குழந்தைக்கு இதை வீட்டில் அம்மாவே செய்யலாம். சளியோ இருமலோ உள்ள குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழு ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ நெஞ்சுச் சளி என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் நிமோனியாவைச் சந்தேகிக்கச் சொல்லும் கணக்கு இது.

விரலில் மாட்டும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினோம். கறுத்த தோலில் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம். அமெரிக்காவில் 2020-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், கருவி நல்ல எண் காட்டும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. நகப்பூச்சும் சில்லிட்ட விரலும் எண்ணைக் கெடுக்கும். எனவே 95 என்று எரிந்தாலும் மனிதர் மூச்சு இரைத்தால் மனிதரைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்து, என்ன வேலை செய்தீர்கள் என்ற கேள்வி. விருத்தாசலத்தில் இது வெட்டிப் பேச்சு இல்லை. பீங்கான் பொம்மை, ஜாடி, ஃப்யூஸ் கட்டை என்று பல வீடுகளுக்குச் சோறு போட்ட தொழில் இது. களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் அரைத்துக் கலக்கும் இடத்தில் பறக்கும் தூசியில் சிலிகா இருக்கும். வருடக்கணக்காக அதைச் சுவாசித்தவருக்கு நுரையீரல் தழும்பேறும், அதுதான் சிலிகோசிஸ். வேலையை விட்டு வெகுகாலம் ஆன பிறகும் அது முற்றிக்கொண்டே போகலாம். காசநோய் ஒட்டும் வாய்ப்பும் கூடும். இருமலோடு வந்திருக்கும் அறுபது வயதுக்காரர் "விவசாயம்" என்று மட்டும் சொல்லி, இருபது வருடம் பீங்கான் கம்பெனியில் மண் சலித்ததைச் சொல்லாமல் விட்டால் டாக்டர் தேடும் திசையே மாறிப்போகும். கம்பெனியை நாம் காட்டிக்கொடுக்கிறோமோ என்று தயங்க வேண்டியதில்லை. அது கேஸ் ஷீட்டில் எழுத வேண்டிய தகவல்.

மூச்சுக் குழாய் நாள்பட அடைத்துப்போன சிஓபிடி நோயாளிக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுப்பதும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. அவர்களில் சிலருக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் போனால் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும். ஆகவே அவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று வைத்திருப்பார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு 98 காட்டுகிறதே, நம்ம அப்பாவுக்கு 90-தானே என்று பதறி, நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் ஆக்சிஜன் திருகைத் திருப்பிவிடும் மகன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். டிரிப் சக்கரத்தை வேகமாக்கி "சீக்கிரம் ஏறட்டும்" என்று நினைக்கும் சித்தப்பாக்களும் அப்படியே. இதயம் பலவீனமானவருக்கு ஒரு மணி நேரத்தில் ஏறும் பாட்டில் நுரையீரலில் நீராக நிற்கும்.

என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும்போது சீட்டைத் தேட வேண்டாம், வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொட்டிவிடலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. "அரசாங்கம் குடுக்குற மாத்திரை, வெள்ளையா சின்னதா இருக்கும்" என்று சொன்னால் அதில் எதுவும் தெரியாது. நாட்டு மருந்து, லேகியம், மெடிக்கலில் சொல்லி வாங்கிய வலி மாத்திரை எல்லாம் கணக்கில் உண்டு. வைத்தியரிடம் போனதைச் சொன்னால் திட்டுவார்கள் என்று மறைப்பவர்கள் நிறையப் பேர். திட்டினால் திட்டட்டும்.

இந்தப் பகுதியில் நர்சின் கண்ணுக்கு உண்மையான பரீட்சை பாம்புக்கடி. சுற்றிலும் முந்திரித் தோப்பு, மணிலாக் கொல்லை, கரும்பு. விஷமுறிவு மருந்து நம் நாட்டில் நான்கு பாம்புகளுக்குச் சேர்த்துத் தயாராகிறது: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கடித்தது எது என்று தெரிந்துகொள்ள அடித்துக்கொண்டு வர வேண்டிய அவசியம் இல்லை. உடம்பே சொல்லும். சொல்வதைக் கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு மின்சாரம்கூட வேண்டாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மூன்று மி.லி. ரத்தம் எடுத்து ஆடாமல் அசையாமல் நிறுத்தி வைத்து, மணியைக் குறித்துக்கொள்வார்கள். சரியாக இருபது நிமிடம் கழித்து ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் கட்டியாக நின்றால் சரி. தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது, மருந்து தொடங்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் முடிவு தப்பு. சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. பத்தாவது நிமிடத்தில் ஆவலாக எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் கெட்டது. முதல் தடவை உறைந்துவிட்டது என்று அனுப்பிவிட மாட்டார்கள். மூன்று மணி நேரம் மணிக்கு ஒரு தடவை, பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று ஒரு நாள் முழுக்கப் பார்ப்பார்கள். "ஒண்ணும் இல்லேன்னு டாக்டரே சொல்லிட்டாரு, எதுக்கு மறுபடி மறுபடி ரத்தம் உறிஞ்சுறாங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கட்டுவிரியன் வேறு மாதிரி. ராத்திரியில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வீக்கம் இருக்காது, வலியும் பெரிதாக இருக்காது, பல் தடம்கூடச் சில நேரம் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார், வாந்தி வரும், கொஞ்ச நேரத்தில் கண் இமை தூக்க முடியாமல் சரியும். தூக்கக் கலக்கம் என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். நர்ஸ் வந்து "மேல பாருங்க, அப்படியே பாத்துக்கிட்டே இருங்க" என்பார். இமை தானாக இறங்குகிறதா என்று பார்ப்பார். தலையணையில் இருந்து தலையைத் தூக்கச் சொல்வார். "ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க" என்பார். எட்டு மணிக்கு இருபது வரை எண்ணியவர் எட்டரைக்குப் பன்னிரண்டில் நின்றால், மூச்சுத் தசை சோர்கிறது என்று பொருள். செயற்கை சுவாசம் உள்ள இடத்துக்கு அப்போதே கிளம்ப வேண்டும், முகம் நீலமாகும் வரை காத்திருக்க முடியாது. வீக்கம் வரும் மற்றக் கடிகளில், கடிபட்ட கையில் அது எதுவரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு மணியையும் பக்கத்தில் எழுதிவைப்பார். அடுத்த டூட்டிக்கு வருகிறவருக்கு அந்தக் கோடு ஒரு பக்க அறிக்கைக்குச் சமம். இறுக்கிக் கட்டுப் போட்டு வந்திருந்தால் அதைச் சடாரென்று அவிழ்க்கவும் மாட்டார்கள். தேங்கிய விஷம் ஒரேயடியாகப் பாயலாம் என்பதால் மருந்தும் டாக்டரும் தயாரான பிறகே தளர்த்துவார்கள்.

விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்தில் இருந்து எடுக்கப்படுவது. சிலருக்கு ஒவ்வாமை வரும், அதனால் அட்ரினலின் ஊசியை உறிஞ்சிப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். முதல் தவணை எட்டு முதல் பத்துக் குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கக்குவதில்லையே. மருந்து ஏறத் தொடங்கியதும் நர்ஸ் பக்கத்திலேயே நிற்பார்: அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல், பி.பி. இறக்கம். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தனியார் ஆஸ்பத்திரியும் கணக்குச் சொல்லியாக வேண்டும். வெகு காலம் முன்பே வந்திருக்க வேண்டிய உத்தரவு.

பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடு மறக்காத ஒரு கதை இருக்கிறது. 2022 நவம்பரில் சென்னையில் பதினேழு வயது கால்பந்து வீராங்கனைக்குக் கொளத்தூர் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் முழங்கால் ஜவ்வு அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பின் போட்ட இறுக்கமான கட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மாற்றிக் காலை அகற்றியும் காப்பாற்ற முடியவில்லை. நவம்பர் 15 அன்று இறந்தார். கட்டு விஷயத்தில் கவனக்குறைவு நடந்ததை அமைச்சர் மா. சுப்பிரமணியன் ஒப்புக்கொண்டார், இரண்டு டாக்டர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் பைக் சறுக்கிக் காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இதே ஆபத்து உண்டு. கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நர்ஸ் விரல் நகத்தை அழுத்தி விடுவார். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். விரல் சூடாக இருக்கிறதா, தொட்டால் தெரிகிறதா, நோயாளி தானாக அசைக்கிறாரா என்று பார்ப்பார். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது வலி. ஊசி போட்டும் அடங்காத வலி, அடிபட்ட அளவுக்குப் பொருந்தாத வலி, விரலை லேசாக நீட்டிவிட்டாலே உயிர் போகிற வலி. "ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்க" என்று சொல்லி முடித்துவிடக் கூடாத வலி இது. தசை சில மணி நேரத்தில் செத்துவிடும். நாடி இன்னும் கிடைக்கிறது என்பது இந்த நிலையில் தைரியம் தரும் செய்தி இல்லை. அது கடைசியில் போவது.

மருந்து தருவதில் ஐந்து சரிபார்ப்பு எல்லா நர்சிங் மாணவிக்கும் முதல் வருடத்தில் மனப்பாடம்: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். பாடமாகச் சொல்வது சுலபம். வழுக்கும் இடங்கள் மிகச் சாதாரணமானவை. இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஒரு மி.லி.யில் 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ளதும் புழங்குகின்றன. சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் குப்பியில் சிவப்பு மூடி சிரிஞ்சை விட்டால், பத்து யூனிட் என்று இழுத்தது இருபத்தைந்து யூனிட். ராத்திரியில் சர்க்கரை தாழ்ந்து, யாருக்கும் தெரியாமல் தூக்கத்திலேயே மயங்கிக் கிடப்பார். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் தானே போட்டுக்கொள்பவரும் மெடிக்கலில் சிரிஞ்ச் வாங்கும்போது குப்பியைக் கையோடு கொண்டுபோவது நல்லது. பொட்டாசியம் குளோரைடு இன்னொன்று. நீர்த்து, மெல்ல ஏற்ற வேண்டியது. அப்படியே நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். அதைத் தண்ணீர்க் குப்பிகளோடு ஒரே தட்டில் வைக்காமல் தனியாகப் பூட்டி வைப்பது, படித்தவரும் களைத்திருக்கும்போது தவறுவார் என்று தெரிந்து செய்த ஏற்பாடு.

ரத்தம் ஏற்றும்போது இரண்டு பேர் சேர்ந்து சரிபார்ப்பார்கள். பையில் உள்ள எண், வகை, காலாவதி, நோயாளியின் பெயர் எல்லாம் ஒருவர் படிக்க இன்னொருவர் பார்க்க வேண்டும். முதல் பதினைந்து நிமிடம் மெல்ல ஏற்றி, பக்கத்திலேயே இருப்பார்கள். குளிர் நடுக்கம், முதுகு வலி, காய்ச்சல் என்று நோயாளி சொன்னால் முதலில் நிறுத்துவார்கள், பிறகுதான் டாக்டரைக் கூப்பிடுவார்கள். 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றப்பட்டது வெளியானபோது ஊரே கொதித்தது. அந்தப் பிழை ரத்த வங்கியில் நடந்தது, கட்டில் பக்கத்தில் எவ்வளவு பார்த்தாலும் அது தெரிந்திருக்காது. ஒரு கட்டத்தில் விட்டதை அடுத்த கட்டம் எப்போதும் பிடித்துவிடும் என்று யாரும் இருக்க முடியாது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். பக்கவாதத்தில் வாய் கோணி வந்தவருக்கு, "வாயெல்லாம் காஞ்சு கெடக்கு, ஒரு வாய் தண்ணி ஊத்தக் கூடாதா" என்று பெரியம்மா கெஞ்சுவார். நர்ஸ் முடியாது என்பார், பெரியம்மாவுக்கு அவர் கல்நெஞ்சக்காரியாகத் தெரிவார். வாயும் தொண்டையும் ஒரு பக்கம் செயலிழந்திருந்தால் அந்த ஒரு வாய்த் தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். இரண்டு நாளில் நிமோனியா. விழுங்க முடிகிறதா என்று முதலில் உட்கார வைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். இருமினாலோ குரல் கரகரத்தாலோ மூக்குக் குழாய்தான். அதுவரை ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைக்கலாம். படுத்த வாக்கில் இட்லியைக் கரைத்து ஊட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம்.

படுக்கைப் புண்ணைத் தடுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். தெரியாதது தொடக்கம் எப்படி இருக்கும் என்பது. புட்டத்துக்கு மேலே, குதிகாலில், இடுப்பு எலும்பு முட்டும் இடத்தில் சிவப்பு அல்லது கருஞ்சிவப்புத் திட்டு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் அப்படியே இருந்தால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. அதன் மேல் எண்ணெய் விட்டுத் தேய்த்துவிடக் கூடாது. தேய்த்தால் இன்னும் கெடும். அடுத்த ஆபத்து நோயாளி கீழே விழுவது; பல நேரம் அது ராத்திரி கழிவறைக்கு எழும்போது நடக்கும். பி.பி. மாத்திரை சாப்பிடுபவர் எழுந்ததும் நடக்காமல் கட்டிலோரம் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்தாலே பல இடுப்பு எலும்புகள் தப்பும். கை கழுவுவது பற்றி ஒரே வரி: உங்களைத் தொடும் முன் நர்சோ டாக்டரோ கையில் மருந்து தேய்த்துக்கொள்ளாவிட்டால் மரியாதையாக ஞாபகப்படுத்த உங்களுக்கு உரிமை உண்டு. பத்துக் கட்டில்களைத் தொட்டு நலம் விசாரித்துவரும் உறவினர்களுக்கும் அதே விதிதான்.

மங்கலம்பேட்டைக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. ஊர் கடலூர் மாவட்டம், பக்கத்து உளுந்தூர்பேட்டை கள்ளக்குறிச்சி மாவட்டம். உள்ளூர் சுகாதார நிலையத்தில் முதலுதவி, அங்கிருந்து விருத்தாசலம் ஜி.எச்., "ரெஃபர் பண்ணிட்டாங்க" என்றால் கடலூர், சிதம்பரம், முண்டியம்பாக்கம் இல்லையென்றால் ஜிப்மர். ஒவ்வொரு முறை 108-ல் ஏறி இறங்கும்போதும் நோயாளியோடு தகவலும் ஏறி இறங்க வேண்டும். அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கிய ஒரு முறையைத்தான் இன்று உலகம் முழுக்க நர்சுகள் பயன்படுத்துகிறார்கள். இப்போது என்ன நடக்கிறது, இதுவரை என்ன நடந்தது, நான் பார்த்ததில் என்ன தெரிகிறது, என்ன செய்ய வேண்டும் என்ற நான்கு வரியில் சொல்லி முடிப்பது. எத்தனை மணிக்கு எந்த ஊசி போட்டார்கள் என்ற சீட்டு இல்லாமல் வந்தால் அடுத்த ஆஸ்பத்திரியில் அதே ஊசியை மறுபடி போடவும் வாய்ப்புண்டு, போட வேண்டியது விட்டுப்போகவும் வாய்ப்புண்டு. ஆம்புலன்ஸ் கிளம்பும் முன் ரெஃபரல் சீட்டை வாங்கி, செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் ஒரு நர்ஸ் எத்தனை பேருக்குச் செய்வார்? பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. ராத்திரி டூட்டியில் எந்த அரசு வார்டிலாவது நின்று எண்ணிப் பாருங்கள். ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் நடந்து 2014-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடும்போது அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஒரு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் கண்டது. நம் மாநிலத்தில் 2015 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுத்த நர்சுகள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். தொகை பிறகு கூடியது, நிரந்தரம் கேட்டு அவர்கள் பல முறை சாலையில் இறங்கிப் போராடினார்கள். கேஸ் ஷீட்டில் 20, 20, 20 என்று இருப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

அதனால்தான் கூட இருப்பவரின் கண் முக்கியம். இங்கிலாந்தில் 2024 முதல் பல மருத்துவமனைகளில் ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. 2021-ல் ரத்தத்தில் கிருமி பரவி இறந்த பதிமூன்று வயதுச் சிறுமி மார்த்தாவின் பெயரில், குடும்பத்தார் கவலைப்பட்டால் வேறொரு மருத்துவக் குழுவை நேரே அழைத்துப் பார்க்கச் சொல்லலாம். மகள் மோசமாகிறாள் என்று பெற்றோர் சொன்னதை அங்கே யாரும் காதில் வாங்கவில்லை. நம் வார்டுகளில் அப்படி ஒரு விதி இல்லை. டூட்டி நர்சிடம் சொல்வதுதான் வழி, சொல்லும் விதத்தில்தான் வித்தியாசம். "சிஸ்டர், ரொம்ப முடியல, வந்து பாருங்க" என்பதை அவர் ஒரு ராத்திரியில் முப்பது தடவை கேட்கிறார். "சிஸ்டர், பத்து மணிக்குப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பேசினாரு, இப்ப கண்ணு மட்டும் தெறக்குறாரு. மூச்சு எண்ணினேன், முப்பது வருது. சாயந்தரத்துல இருந்து ஒண்ணுக்குப் போகல." இப்படிச் சொன்னால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வருவார்.